மலைநாட்டுப் பாற்கடல்

கொழும்பிலே வாழ்கின்ற என் தமக்கையின் மகன் சில காலத்துக்கு முன் மணம் முடித்தான். கணவன் மனைவி இருவரும் அலுவலகப் பணி புரிபவர்கள். காலையிற் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும்போது ஒருவர் முகத்தை ஒருவர் நன்றாகப் பார்ப்பதற்கும் நேரம் இல்லை என்பது அவர்களுடைய முறைப்பாடு. ஒருநாள் இருவருமாக என்னிடம் வந்து, "மாமா, ஒரு சனி ஞாயிறு எங்கேயாவது போய் ஆறுதலாக இருந்து வர விரும்புகிறோம். கடலோரத்தில் ஒரு நல்ல நகரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். காலிமுகத் திடலுக்கு நடக்கும் தூரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் கடல் தேடிப் புறப்படுவது எனக்கு வியப்பாக இருந்தது. "கண்டிக்குப் போங்கள்" என்றேன். மருமகள் சிரித்துவிட்டாள். "கண்டியில் ஏது மாமா கடல்?" என்றாள்.

கண்டியில் ஒரு கடல் உண்டு. ஆழியிலிருந்து எழுபது மைல் உள்ளே, ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு அடி உயரத்திலே, நாற்புறமும் மலை சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியிலே அது கிடக்கின்றது. சுற்றி நடந்தால் இரண்டு மைலுக்குச் சற்று மேலாகும். நாம் அதனைக் கண்டி வாவி என்று அழைக்கின்றோம். அதனை அமைத்த மன்னன் காலத்திலே அதற்குச் சிங்களத்தில் வழங்கிய பெயர் 'கிரி முகுத' என்பது. அச்சொற்றொடருக்குப் பொருள் பாற்கடல். அந்தக் கடலின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன். ஓய்வுக்காகக் கண்டி செல்லும் தம்பதியர் இவ்வரலாற்றை அறியாமற் போனாலும் அவர்கள் பொழுது இனிதாகவே கழியும். ஆயினும் அறிந்து போகிறவர்களுக்கு அந்த நீர் வேறு விதமாகத் தோன்றும் என்பது என் எண்ணம்.

கண்டி என்ற பெயரே ஒரு வழிப்போக்கர் பெயர். மலை என்னும் பொருள்படும் 'கந்த' என்ற சிங்களச் சொல் போர்த்துக்கேயர் வாயிற் புகுந்து திரிந்து கண்டியாயிற்று. சிங்கள மக்கள் அந்நகரை இன்றும் மகாநுவர, அதாவது மாநகர் என்றே சொல்வர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலோ ஒரு காலத்தில் மலைநாடு முழுவதற்குமே கண்டிச்சீமை என்பது பெயராயிருந்தது. அப்பெயருக்குப் பின்னால் எத்தனை கண்ணீர் இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கண்டி அரசின் கடைசி நால்வரும் நாயக்க மரபினர். நரேந்திரசிங்கனுக்கு மதுரையிலிருந்து வந்த நாயக்க குலத்து அரசி ஒருத்தி இருந்தாள். பட்டத்துக்குரிய மைந்தன் இன்றி அவன் மறைந்ததும், அவ்வரசியின் உடன்பிறந்தான் 1739இல் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயருடன் அரியணை ஏறினான். அவனுக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், இறுதியாக 1798இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இவர்கள் பௌத்த சமயத்தைத் தழுவி அதனைப் பேணியவர்கள். சீயம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து 1753இல் உபசம்பதை என்னும் துறவு நிலையை இலங்கையில் மீண்டும் நிலைநாட்டியவன் கீர்த்தி ஸ்ரீயே. அவர்களுடைய உறவினர் குடியிருந்த வீதி வாவியின் அருகே மலபார் வீதி என்ற பெயருடன் இன்றும் உள்ளது. மலபார் என்பது அக்காலத்து ஐரோப்பியர் தமிழருக்கு இட்ட பெயர்.

கண்ணுசாமி என்ற பிள்ளைப் பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரமன் பட்டமெய்தியபோது அவனுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். மகா அதிகாரான பிலிமத்தலாவையே அவனைத் தேர்ந்து முடிசூட்டினார். இளைஞன் தம் கையில் ஆடும் பாவையாக இருப்பான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பாவை ஆடவில்லை. 1803இல் ஆங்கிலேயர் படை மலை ஏறி வந்தது. அவர்கள் நகரினுள் நுழைந்தபோது அங்கே மனிதர் இல்லை. மாளிகையின் பகுதிகள் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தன. முத்துச்சாமி என்ற வேறொருவனை மன்னனாக்கிவிட்டுப் பெரும்படை திரும்ப, எஞ்சிய காவற்படை காய்ச்சலால் வாடி, ஜூன் 24ஆம் நாள் சரணடைந்தது. அதிற் பெரும்பாலோர் மகாவலிக் கரையில் வெட்டுண்டு மாண்டனர். வென்ற மன்னன் கைக்கு வந்தது கருகிய ஒரு தலைநகரம்.

இனித்தான் நம் கடலின் கதை தொடங்குகிறது. நகரை மீண்டும் அமைக்க முற்பட்ட மன்னனுக்குத் தேவேந்திர மூலாச்சாரி என்ற சிற்பி கிடைத்தான். தலதா மாளிகையின் முகப்பிலே எண்கோண வடிவாக நிற்கும் பத்திரிப்பு என்ற மண்டபம் அவன் கைவேலை. மன்னன் அம்மண்டபத்தில் நின்று மக்களுக்குக் காட்சி தருவான். அதன் எதிரே அப்போது பரந்து கிடந்தது நெல்வயல். அந்த வயலை நீராக்க வேண்டும் என்று மன்னன் விரும்பினான். வாவி 1807இல் உண்டாயிற்று என்று பலர் எழுதியுள்ளனர். கண்டியைக் கூர்ந்து கவனித்து நாட்குறிப்பு எழுதிவந்த ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலியின் கணக்குப்படி அணை கட்டப்பட்டது 1810க்கும் 1812க்கும் இடையில். பத்திரிப்பின் பக்கத்திலிருந்து எதிர்க்கரையிலுள்ள மல்வத்தை விகாரையின் பக்கம் வரை வயலின் குறுக்கே அணை எழுந்தது. அணையின் மேலே பாதை. மன்னன் அவ்வழியாக விகாரைக்குச் சென்று வரலாம். கரையின் ஒரு பாதியைச் சூழ்ந்து மேகக் கூட்டம் போல் வளைந்து வளைந்து செல்லும் வெண்சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. 'வலாகுளு பம்ம', அதாவது மேகச் சுவர் என்பது அதன் பெயர். சுவரிலே சின்னஞ்சிறு மாடங்கள். விழா நாட்களில் அவற்றில் தேங்காயெண்ணெய் விளக்கேற்றுவர். விளக்கின் வரிசை மேலும் கீழுமாக இரண்டாகத் தெரியும், சுவரில் ஒன்று, நீரில் ஒன்று. மறு பாதிக்குச் சுவர் கட்டி முடிவதற்குள் அரசே முடிந்துவிட்டது.

ஏன் பாற்கடல் என்று பெயரிட்டான்? தேவரும் அசுரரும் கடைந்த கடலை நம் சிறுவர்களும் அறிவர். மேலே மேக வடிவான சுவர், கீழே வெண்ணீர், அதன் கரையில் மன்னன் வீற்றிருக்கும் மண்டபம்: இவ்வமைப்பை ஒருசேரப் பார்த்தால், எரிந்துபோன ஊரின் மேல் ஒரு தேவருலகத்தை இறக்கி வைக்க அவன் ஆசைப்பட்டான் என்று தோன்றுகிறது. இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவார் உளர். எனக்கு அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. அயலான் தீயிட்ட நகரத்தின் நடுவே, இருபது முப்பது வயதுக்குள் நின்ற ஓர் இளைஞன், தன் நிலை உறுதியானது என்று தனக்கும் பிறருக்கும் காட்ட வேண்டியிருந்தது.

ஆனால் அக்கடலை வெட்டியவர்கள் தேவர்கள் அல்லர். இராஜகாரியம் என்ற முறைப்படி நிலம் வைத்திருந்த குடிமக்கள் அரசனுக்கு உடலுழைப்புத் தர வேண்டும். அணை, பாலம், பாதை போன்ற பொதுப்பணிகளுக்கு என்றிருந்த அம்முறையை, அழகுக்காக ஒரு குளம் வெட்டுவதற்குத் திருப்பியபோது மக்கள் முணுமுணுத்தார்கள். தம் ஊர் வயல்களை விட்டு வந்து தலைநகரின் சேற்றில் மண் சுமந்தவன் மனம் குளிர்ந்திருக்க நியாயமில்லை. தடை சொன்ன தலைவர்களை மன்னன் வாவியின் படுகையிலேயே கழுவில் ஏற்றினான் என்று ஒரு கதை வழங்குகிறது. அதை எழுதியவர்களிற் பலர் அவனுடைய பகைவர் பக்கத்தவர். ஆகவே சற்றுக் கழித்தே கொள்ள வேண்டும். முழுவதும் கழித்துவிடவும் இயலாது.

வாவியின் நடுவே ஒரு சிறு தீவு தென்படும். அது அரசியரும் தோழியரும் நீராடி இளைப்பாறும் இடமாயிருந்தது என்பர். அங்கிருந்து மாளிகைக்கு நீரின் அடியாக ஒரு சுரங்க வழி இருந்தது என்றும் வழிகாட்டிகள் சொல்வார்கள், கேட்டுக்கொண்டு வந்துவிடலாம். கரையிலே, தலதா மாளிகைக்கு அண்மையில், நீருக்குள் கால் வைத்தது போல நிற்கும் மண்டபம் உல்பென்கே எனப்படும் அரசியர் குளியல் மாளிகை. அரசனும் அரசியரும் இக்கரைகளிலே மாலைப் பொழுதைக் கழித்த அந்நாட்களையே வாவிக் கரையின் முதல் ஓய்வு நாட்கள் என்று கொள்ளலாம். 1812இல் வேலை முடிந்தது என்று கொண்டாலும், 1815 பெப்ரவரியில் அவன் நகரை விட்டு ஓடினான். தான் கட்டிய கடலின் கரையில் அவன் வாழ்ந்தது முழுதாக மூன்று ஆண்டுகள் இல்லை.

அந்த மூன்று ஆண்டுகளின் நடுவிலே நடந்த ஒன்றைச் சொல்லாமல் இவ்வரலாற்றைக் கடக்க முடியாது. பிலிமத்தலாவைக்குப் பின் மகா அதிகாராக வந்த எகலப்பொலை 1814இல் சப்பிரகமுவையிற் கலகம் செய்து, தோற்று, ஆங்கிலேயரிடம் கொழும்புக்கு ஓடினார். அவருடைய மனைவியும் மக்களும் கண்டியிலே மன்னன் பிடியில் இருந்தார்கள். மே மாதத்தில் ஒரு நாள், நாத தேவாலயத்துக்கும் விஷ்ணு தேவாலயத்துக்கும் நடுவேயுள்ள வெளியில், தாயின் கண்ணெதிரே பிள்ளைகள் வெட்டப்பட்டனர். மூத்தவன் அஞ்சி ஒதுங்க, ஒன்பது வயதுத் தம்பி மத்தும பண்டார முன்னே வந்து, எப்படிச் சாவது என்று காட்டுகிறேன் என்று சொல்லிக் கழுத்தை நீட்டினான் என்பர். அதன் பின் எகலப்பொலைக் குமாரிகாமியைப் பக்கத்திலிருந்த போகம்பரைக் குளத்துக்கு நடத்திச் சென்று நீரில் அமிழ்த்திக் கொன்றார்கள். அக்குளம் பிற்காலத்தில் தூர்க்கப்பட்டு நகருக்குள் மறைந்துவிட்டது.

இச்செய்தியை விரிவாக எழுதிய ஜோன் டேவி என்ற ஆங்கில மருத்துவர் அதை நேரிற் கண்டவர் அல்லர். சில ஆண்டுகள் கழித்து இலங்கைக்கு வந்து, கேட்டதை எழுதி, 1821இல் நூலாக்கினார். கொடுங்கோலனிடமிருந்து குடிகளை மீட்கவே வந்தோம் என்று அறிக்கை விட்ட ஆங்கிலேயருக்கு இக்கொலை மிகப் பயன்பட்டது. அதனால் சிலர் இதனை முற்றும் புனைவு என்று சொல்ல முயல்கின்றனர். நாயக்க மன்னன் நம்மவன் என்ற பாசம் அவர்களுடைய கண்ணை மறைக்கிறது என்று அஞ்சுகிறேன். அவன் தமிழ் பேசினான் என்பதற்காகப் பிள்ளைகளின் கொலையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர் அதனைப் பறைசாற்றினார்கள் என்பதற்காக அவர்களை மீட்பர்கள் என்று ஏற்கவும் வேண்டியதில்லை. அவர்களுக்கு உதவிய எகலப்பொலையையே அவர்கள் 1825இல் மொரீசியசுத் தீவுக்கு அனுப்பினார்கள். மனைவி மக்களை இழந்த அம்மனிதர் 1829இல் அங்கேயே இறந்தார்.

1815 பெப்ரவரி 18ஆம் நாள் மெதமகாநுவரைப் பகுதியில் மறைந்திருந்த மன்னன் பிடிபட்டான். மார்ச்சு 2ஆம் நாள் அரண்மனையின் மகுல் மடுவ என்ற மரத்தூண் மண்டபத்தில், கண்டி நாட்டை ஆங்கில முடிக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கை படிக்கப்பட்டது. அதிலே ஒப்பமிட்ட பிரதானிகள் சிலருடைய கையெழுத்துத் தமிழ் எழுத்திற் காணப்படுவதை நம்மவர் பலரும் எடுத்துக்காட்டுவர். 1816 சனவரி 24ஆம் நாள் மன்னனையும் அவன் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு 'கார்ன்வாலிஸ்' என்ற கப்பல் கொழும்பிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்டது. உடன் சென்ற வில்லியம் கிரான்வில் என்ற அதிகாரி அக்கடற்பயணத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். பாற்கடல் கட்டியவனுக்கு உப்புக்கடல் இவ்வாறு வாய்த்தது. பதினாறு ஆண்டுகள் வேலூர்க் கோட்டையில் இருந்து, 1832 சனவரி 30ஆம் நாள் அவன் கண்மூடினான். பாலாற்றங்கரையில் அவன் கல்லறை உள்ள இடத்திலே 1990இல் தமிழ்நாட்டு அரசு ஒரு மண்டபம் எழுப்பியது. முத்து மண்டபம் என்று அதற்குப் பெயர்.

நகரைக் கைப்பற்றியவர்கள் வாவியை என்ன செய்தார்கள்? முதலிலே அரசியர் இளைப்பாறிய தீவை வெடிமருந்து வைக்கும் கிடங்காக்கி, கோட்டைச் சுவர் போல ஒரு கைப்பிடிச் சுவரும் கட்டினார்கள். குளியல் மாளிகை அவர்களுடைய நூல்நிலையமாயிற்று. பிறகு அச்சம் தணிய, அழகுணர்ச்சி தலைகாட்டிற்று. வாவியைச் சுற்றிலும் நிழல்மரப் பாதை உண்டாயிற்று. இன்று தம்பதியர் உலாவும் பாதை இதுதான்.

தலதா மாளிகையின் பின்னே எழும் உடவத்தகெலே என்ற காடு மன்னர் காலத்திலே அரண்மனைக்கு உரியது. பிறர் புகுதல் கூடாது. இருநூற்றைம்பது ஏக்கருக்குக் குறையாத அக்காட்டினுள் தேசாதிபதிகள் பாதைகள் வெட்டித் தம் மனைவியர் பெயர்களைச் சூட்டினார்கள். அவற்றிலே புகழ்பெற்றது ஹோட்டன் சீமாட்டியின் பாதை. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த சர் ரொபட் வில்மட் ஹோட்டனின் மனைவி அவர். கவிஞர் பைரனுக்கு உறவுமுறைப் பெண். இலண்டனில் ஒரு விருந்திலே கரிய துக்க உடையில் மின்னுகின்ற மணிகள் பதித்து வந்த அவரைப் பைரன் கண்டார். கண்டதும் எழுதிய கவிதை ஆங்கிலம் படித்தோர் எல்லோரும் அறிந்தது. அது நிகழ்ந்தது 1814 ஜூன். குமாரிகாமி குளத்தில் அமிழ்த்தப்பட்டதற்கு அடுத்த மாதம். இரு நிகழ்ச்சிகளையும் ஒரே பக்கத்தில் எழுதிய வரலாற்று நூலை நான் கண்டதில்லை. ஆனால் கண்டியில் அவ்விரண்டுக்கும் நடுவே அரைமணி நேர நடைதான்.

மேற்கே தெரியும் பைரவகந்தை என்ற குன்றுக்கும் ஒரு காதற் கதை உண்டு. பைரவனுக்குப் பலியாகக் கழியிற் கட்டிவிடப்பட்ட திங்கிரி மெனிக்கே என்ற கன்னியை, அவளை நேசித்த இளைஞன் இரவோடிரவாக அவிழ்த்துக்கொண்டு வெல்லசைக்கு ஓடிவிட்டான் என்பர். கதைதான், எனினும் இந்நகரத்துக் கதைகளிலே பெண் பிழைக்கின்ற கதை இது ஒன்றே என்பதால் எனக்குப் பிரியமானது. அக்குன்றின் உச்சியிலே இன்று பெரிய வெண்ணிறப் புத்தர் சிலை இருக்கிறது.

இரண்டு நாளிற் கண்டி சென்று மீள்வது என்ற வழக்கம் எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். மன்னர்கள் பாதைகளை வேண்டுமென்றே திருத்தாமல் விட்டார்கள். அதுவே அவர்களுடைய அரண். மலையைத் துளைத்து வழி செய்பவனே கண்டியை வெல்வான் என்று ஒரு வாய்மொழி இருந்ததாம். எட்வேட் பான்ஸ் தேசாதிபதி காலத்திலே கொழும்பிலிருந்து பாதை போடப்பட்டு, கடுகண்ணாவையிற் பாறை குடையப்பட்டது. அப்பாதையை அமைத்த டோசன் என்ற படைப் பொறியியலாளர் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுந்த கோபுரத்தைக் கணவாயின் தலைப்பில் இன்றும் காணலாம். 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. அதற்குப் பின்னர்தான் கொழும்பிலிருப்பவன் ஒருநாள் புறப்பட்டு மறுநாள் மீளலாம் என்ற நிலை உண்டாயிற்று.

ஆனால் அப்புகையிரதம் போடப்பட்டது உல்லாசப் பயணிகளுக்காக அன்று, கோப்பி மூடைகளுக்காக. அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கண்டிச்சீமைக்குப் புறப்பட்ட நம் மக்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பாதி வழியில் விழுந்தவர் போக எஞ்சியோர் மாத்தளைக்கு வந்து மலை ஏறினர். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் அவர்கள் வழிபட்ட நினைவு இன்றும் மங்கவில்லை. புகையிரதம் வந்த அதே 1867இல், கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். கோப்பி நோயால் அழிந்தபோது நாட்டைத் தாங்கியது அத்தேயிலை. அதைத் தாங்கியவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்குச் சனி ஞாயிறு ஓய்வு என்ற ஒன்று நெடுங்காலம் இருக்கவில்லை.

இவ்வளவையும் கேட்ட பின்னும் என் மருமகனுக்குப் போகும் எண்ணம் மாறவில்லை. சனிக்கிழமை காலையிற் கோட்டைப் புகையிரத நிலையத்தில் ஏறி, வலப்பக்கத்து ஆசனத்தில் அமருங்கள் என்று சொன்னேன். றம்புக்கணைக்குப் பின் வண்டி மலையேறும்போது பள்ளத்தாக்கு முழுவதும் அந்தப் பக்கத்திலேதான் விரியும். நண்பகலுக்குள் கண்டி வந்துவிடும். அன்று வேறெங்கும் ஓட வேண்டாம். வெயில் தாழ்ந்ததும் வாவியை ஒருமுறை சுற்றுங்கள்; நிற்கத் தோன்றும் இடத்திலெல்லாம் நிற்பவர்களுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். நீர்க்காகங்களும் நாரைகளும் மரக்கிளைகளில் அடையும் வேளை அது. மீன் பிடிக்கத் தடை இருப்பதால் கரையோரத்திலே பெரிய மீன்கள் அச்சமின்றித் திரியும். மாளிகையின் முன்னுள்ள சாலையில், 1998இன் குண்டு வெடிப்புக்குப் பிறகு, ஊர்திகள் ஓடுவதில்லை. ஒரு பெருந்துயரத்தால் வந்த அமைதி அது. ஆறரை மணியளவில் தலதா மாளிகையில் மாலைப் பூசை. முழவொலி கேட்டதும் உள்ளே போகலாம். வெள்ளை உடுத்திச் செல்வது அங்கே மரியாதை.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பேராதனை. மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, ஏறத்தாழ நூற்றைம்பது ஏக்கரில் விரிந்த அப்பூங்கா கண்டி மன்னர்களின் நந்தவனமாயிருந்த இடம். 1821இல் அலெக்சாண்டர் மூன் அதனைத் தாவரவியற் பூங்காவாக்கினார். ஆற்றோரத்து மூங்கிற் புதர்களின் அடியில் அமர்ந்தால் பேச்சு நின்றுவிடும்; மூங்கில் உராயும் ஓசை போதும். இந்த அமைதியான பூங்காவே 1944இல் ஒரு போர்த் தலைமையகமாயிற்று என்றால் நம்புவீர்களா? தென்கிழக்காசிய நேசப்படைகளின் தளபதி மவுண்ட்பேட்டன் தம் தலைமை நிலையத்தைத் தில்லியிலிருந்து இங்கே கொண்டுவந்தார். பர்மாப் போருக்கான திட்டங்கள் பல இப்பனைகளின் நடுவே வகுக்கப்பட்டன.

பூங்காவுக்கு அப்பால் பல்கலைக்கழகம். 1952இல் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அவ்வளாகத்திலேதான் பேராசிரியர் கணபதிப்பிள்ளை தமிழ் கற்பித்தார். கிராமங்களிலே தேய்ந்துகொண்டிருந்த நம் கூத்தை வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு மேடையேற்றியதும் அங்கிருந்தேதான். காதலர் நடை என்று மாணவர் பெயரிட்ட ஒரு பாதையும் அங்கே உண்டு. தேசாதிபதி எவருடைய ஆணையும் இன்றி நிலைத்த பெயர் அது.

அவர்கள் போய் வந்தார்கள். பூங்காவைப் பற்றி மருமகன் நிறையச் சொன்னான். மருமகள் சொன்னது வாவியைப் பற்றி மட்டும். மாலையில் மேகச் சுவரின் மாடங்களிலே கை வைத்துப் பார்த்தாளாம். ஒவ்வொன்றும் ஓர் அகல் வைக்கும் அளவே இருந்ததாம். தீவைப் பார்த்துக்கொண்டு நீண்ட நேரம் நின்றதாகவும், அங்கே இப்போது பறவைகள் மட்டுமே குடியிருக்கின்றன என்றும் சொன்னாள். பிறகு, "மாமா, அடுத்த விடுமுறையில் வேலூருக்குப் போகலாம் என்று இருக்கிறோம். சென்னையிலிருந்து எப்படிப் போவது?" என்று கேட்டாள். காட்பாடியில் இறங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.